சொஸ்மா சட்டம்: சொன்னது என்ன, செய்தது என்ன?

2019 அக்டோபர் 27, தீபாவளித் திருநாள். அன்று நாட்டில் 12 குடும்பங்கள் விளக்கேற்ற மனமில்லாமல் இருந்தன. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு, அக்டோபர் 10-ஆம் தேதியும் 12-ஆம் தேதியும், விடுதலைப் புலிகள் இயக்கத்துடன் தொடர்பு வைத்திருந்தார்கள் என்ற சந்தேகத்தின் பேரில் 12 பேரைப் போலீசார் கைது செய்திருந்தனர். மலாக்கா, காடேக் சட்டமன்ற உறுப்பினர் ஜி.சாமிநாதனும் நெகிரி செம்பிலான், சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் பி.குணசேகரனும் அவர்களில் இருவர். அவர்கள் கைதான சட்டத்தின் பெயர் சொஸ்மா.

சுமார் நான்கு மாதங்களுக்குப் பிறகு, 2020 பிப்ரவரி 21-ஆம் தேதி, அந்த 12 பேர் மீதான குற்றச்சாட்டுகளையும் கைவிடுவதாக அப்போதைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் அறிவித்தார். குற்றத்தை நிரூபிக்கும் வாய்ப்பு இல்லை என்பதே அவர் கூறிய காரணம். 12 பேரும் வீடு திரும்பினர். கழிந்த மாதங்கள் திரும்பவில்லை.

இதில் மக்களுக்கு உறைத்த விஷயம் இன்னொன்றும் உண்டு. அவர்கள் கைதானபோது ஆட்சியில் இருந்தது, சொஸ்மாவின் கொடுமையான விதிகளை நீக்குவோம் என்று வாக்குக் கேட்டு வந்த கூட்டணி. கைதான சட்டமன்ற உறுப்பினர்கள் இருவரும் அந்த ஆளும் கூட்டணியைச் சேர்ந்தவர்கள்.

தோட்டத்திலும் தாமானிலும் சொஸ்மா என்ற பெயர் தெரியாத இந்தியர் இன்று குறைவு. ஆனால் அந்தச் சட்டத்தில் உண்மையில் என்ன இருக்கிறது, யார் என்ன சொன்னார்கள், யார் எப்படி வாக்களித்தார்கள், 2027-இல் என்ன நடக்கவிருக்கிறது என்று கேட்டால் பலருக்குத் தெளிவில்லை. அவற்றை ஓரிடத்தில் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இசாவிலிருந்து சொஸ்மா வரை

சொஸ்மாவைப் புரிந்துகொள்ள, அதற்கு முன்பிருந்த இசா எனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் 1960 ஜூலை 31-ஆம் தேதி முடிவுக்கு வந்தது. மறுநாளே, ஆகஸ்டு 1-ஆம் தேதி, இசா சட்டம் அமலுக்கு வந்தது. காட்டில் எஞ்சியிருந்த கம்யூனிஸ்டுகளைச் சமாளிக்கத்தான் இந்தச் சட்டம் என்று அன்று சொல்லப்பட்டது. விசாரணைக்காக 60 நாள் தடுப்புக்காவல், அதன் பிறகு அமைச்சரின் உத்தரவில் இரண்டு ஆண்டுகள், தேவைப்பட்டால் மீண்டும் இரண்டு ஆண்டுகள் என நீட்டித்துக்கொண்டே போகலாம். நீதிமன்ற விசாரணை கிடையாது.

காலப்போக்கில் கம்யூனிஸ்டுகள் அல்லாதவர்களும் கமுந்திங் தடுப்பு முகாமுக்குப் போனார்கள். 1987 அக்டோபரில் நடந்த ஓப்பராசி லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். எதிர்க்கட்சித் தலைவர்கள், சமூக ஆர்வலர்கள், கல்வியாளர்கள், சமயப் பணியாளர்கள் என்று பலரும் அதில் அடங்குவர். மறைந்த கர்ப்பால் சிங்கும் அவர்களில் ஒருவர்.

நம் சமுதாயத்துக்கு இசா மிக அருகில் வந்தது 2007-இல். நவம்பர் 25 ஹிண்ட்ராஃப் பேரணிக்குப் பிறகு, டிசம்பர் 13-ஆம் தேதி பி.உதயகுமார், எம்.மனோகரன், வி.கணபதிராவ், ஆர்.கெங்காதரன், டி.வசந்தகுமார் ஆகிய ஐவரும் இசாவின் கீழ் தடுத்து வைக்கப்பட்டனர். 2008 மார்ச் பொதுத் தேர்தலில் மனோகரன் கமுந்திங்கில் இருந்தபடியே கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியை வென்றார். 2009-இல் ஐவரும் விடுதலையாயினர். அவர்களில் கணபதிராவ் 2022 பொதுத் தேர்தலில் கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

இசாவுக்கு எதிரான குரல் எல்லா இனத்தவரிடமிருந்தும் வலுத்தது. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி, மலேசிய தினத்துக்கு முதல் நாள் இரவு, அன்றைய பிரதமர் டத்தோஸ்ரீ நஜிப் துன் ரசாக் இசா அகற்றப்படும் என்று அறிவித்தார். அரசியல் கொள்கைக்காக மட்டும் இனி யாரும் தடுத்து வைக்கப்பட மாட்டார்கள் என்றும் உறுதி கூறினார். அந்த அறிவிப்பை நாடு வரவேற்றது. 2012 ஜூலை 31-ஆம் தேதி இசா முடிவுக்கு வந்தது. அதே நாளில் அதன் இடத்துக்கு வந்தது 2012-ஆம் ஆண்டு பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டம். அதன் மலாய்ப் பெயரைவிட ஆங்கிலச் சுருக்கமான சொஸ்மா என்பதே மக்கள் வாயில் நின்றுவிட்டது. இது சட்டம் 747.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

சொஸ்மா தனியாக ஒரு குற்றத்தை உருவாக்கும் சட்டமல்ல. சில குறிப்பிட்ட குற்றங்களுக்காகக் கைதாகிறவரை எப்படி நடத்துவது, எப்படி விசாரிப்பது, எப்படி வழக்கு நடத்துவது என்பதைச் சொல்லும் சட்டம். அந்தக் குற்றங்கள் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. நாட்டுக்கு எதிரான குற்றங்கள், பயங்கரவாதம், குடியேறிகளைக் கடத்துதல் ஆகியவை அதில் உண்டு. பின்னர் திட்டமிட்ட கும்பல் குற்றங்களும் சேர்க்கப்பட்டன. தண்டனைச் சட்டத்தின் 130வி பிரிவு, அதாவது குற்றக் கும்பலில் உறுப்பினராக இருப்பது, அந்த வகையைச் சேர்ந்தது. குற்றம் நிரூபிக்கப்பட்டால் 5 முதல் 20 ஆண்டுகள் வரை சிறை. இந்திய இளைஞர்களின் குடும்பங்கள் சொஸ்மாவைச் சந்திப்பது பெரும்பாலும் இந்தப் பிரிவின் வழியாகத்தான்.

முக்கியமான விதிகள் இவை:

பிரிவு 4: பாதுகாப்புக் குற்றத்தில் ஈடுபட்டதாக நம்பக் காரணம் இருந்தால் வாரண்டு இல்லாமல் கைது செய்யலாம். முதலில் 24 மணி நேரம். அதன் பின் சூப்பரிண்டெண்டன் அல்லது அதற்கு மேற்பட்ட பதவியில் உள்ள போலீஸ் அதிகாரி, உட்பிரிவு 5-இன் கீழ், 28 நாள் வரை காவலை நீட்டிக்கலாம். சாதாரணக் குற்ற வழக்கில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தித்தான் தடுப்புக்காவல் பெற வேண்டும். மிகக் கடுமையான குற்றமானாலும் அது 14 நாளைத் தாண்டாது. சொஸ்மாவில் 28 நாளுக்கும் மாஜிஸ்திரேட் தேவையில்லை.

அதே பிரிவு 4-இல் உட்பிரிவு 3-உம் இருக்கிறது. அரசியல் நம்பிக்கைக்காகவோ அரசியல் நடவடிக்கைக்காகவோ மட்டும் யாரையும் இந்தப் பிரிவின் கீழ் கைது செய்யக்கூடாது என்கிறது அது.

பிரிவு 5: கைதானவரின் நெருங்கிய உறவினருக்கு உடனடியாகத் தகவல் சொல்ல வேண்டும். வழக்கறிஞரைச் சந்திக்கவும் உரிமை உண்டு. ஆனால் அந்தச் சந்திப்பை 48 மணி நேரம் வரை தள்ளிப்போட போலீசுக்கு அதிகாரம் இருக்கிறது.

பிரிவு 13: ஜாமீன் கிடையாது. 18 வயதுக்குக் குறைந்தவர், பெண், நோயாளி அல்லது உடல் பலவீனமானவர் என்றால் மட்டும் விலக்குக்கு இடமுண்டு. பயங்கரவாதக் குற்றமானால் அந்த விலக்கும் இல்லை.

பிரிவு 14: சில சாட்சிகளின் அடையாளத்தை மறைத்து, குற்றஞ்சாட்டப்பட்டவரும் அவருடைய வழக்கறிஞரும் காணவோ கேட்கவோ முடியாதபடி சாட்சியம் பெற வழி செய்கிறது.

பிரிவு 30: உயர்நீதிமன்றம் ஒருவரை விடுவித்தாலும், அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்வதாகச் சொல்லி, அந்த முறையீடு முடியும் வரை அவரைச் சிறையிலேயே வைத்திருக்கக் கேட்கலாம்.

சொஸ்மா, பொக்கா, பொத்தா

கடைத்தெருப் பேச்சில் இந்த மூன்று பெயர்களும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. வேறுபாடு தெரிந்திருப்பது நல்லது. பொக்கா என்பது 1959-ஆம் ஆண்டு குற்றத் தடுப்புச் சட்டம். 2013-இல் அது திருத்தப்பட்டு, ஒரு வாரியத்தின் உத்தரவின் பேரில் இரண்டு ஆண்டுகள் வரை தடுத்து வைக்கும் அதிகாரம் சேர்க்கப்பட்டது. பொத்தா என்பது 2015-ஆம் ஆண்டு பயங்கரவாதத் தடுப்புச் சட்டம். அதிலும் வாரியமே தடுப்புக்காவல் உத்தரவிடுகிறது. இந்த இரண்டிலும் தடுத்து வைக்க நீதிமன்றத் தீர்ப்பு தேவையில்லை.

சொஸ்மாவில் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகிறது. அதைக் காட்டித்தான், இது இசா அல்ல, விசாரணையில்லாத தடுப்புக்காவல் அல்ல என்று ஒவ்வோர் அரசும் சொல்லி வந்துள்ளது. ஏட்டில் அது சரி. ஆனால் ஜாமீன் இல்லை என்பதால், வழக்கு முடியும் வரை ஒருவர் சிறையில்தான் இருக்க வேண்டும். பலர் மீது ஒன்றாகக் குற்றஞ்சாட்டப்பட்ட வழக்கில் அந்தக் காலம் ஆண்டுக்கணக்கில் நீளலாம். குற்றவாளி என்று தீர்ப்பு வரும் முன்பே தண்டனை தொடங்கிவிடுகிறது என்று குடும்பங்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

பொத்தா நிறைவேறிய விதத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி அதிகாலை 2 மணியைத் தாண்டிய பிறகு, 79-க்கு 60 என்ற வாக்குக் கணக்கில் மக்களவை அதை ஏற்றது. அவையில் மொத்தம் 222 இடங்கள். விசாரணையில்லாத தடுப்புக்காவலைத் திரும்பக் கொண்டுவந்த சட்டம், நாடு உறங்கும் நேரத்தில், பாதிக்கும் குறைவான உறுப்பினர்களின் ஆதரவோடு நிறைவேறியது.

சொன்ன சொல்லும் நடந்த நடப்பும்

சொஸ்மா அரசியலுக்காகப் பயன்படாது என்ற உறுதிமொழி எவ்வளவு காலம் நின்றது?

2015-இல், 1எம்டிபி விவகாரம் தொடர்பாக வெளிநாடுகளில் புகார் செய்த முன்னாள் அம்னோ தொகுதிப் பொறுப்பாளர்களில் ஒருவரான கைருடின் அபு ஹசானும், அவருடைய வழக்கறிஞர் மத்தியாஸ் சாங்கும் சொஸ்மாவின் கீழ் கைதாயினர். நாட்டின் வங்கித் துறைக்குக் குழிபறிக்க முயன்றதாக அவர்கள் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில், இது சொஸ்மாவுக்குள் வரும் குற்றமல்ல என்று கூறி உயர்நீதிமன்றம் இருவருக்கும் ஜாமீன் வழங்கியது. 1எம்டிபி விவகாரத்தில் பின்னர் என்னென்ன வெளிவந்தது என்பதை நாடறியும்.

2016 நவம்பர் 18-ஆம் தேதி, பெர்சே 5 பேரணிக்கு முதல் நாள், அந்த இயக்கத்தின் தலைவர் மரியா சின் அப்துல்லா சொஸ்மாவின் கீழ் கைதானார். 10 நாள் தனிமைக் காவலுக்குப் பிறகு விடுவிக்கப்பட்டார்.

இந்தச் சம்பவங்கள் அன்றைய எதிர்க்கட்சிகளைக் கொதிப்படையச் செய்தன. 2018 பொதுத் தேர்தலுக்கான நம்பிக்கைக் கூட்டணியின் கொள்கை அறிக்கையில், ஒடுக்குமுறைச் சட்டங்களை அகற்றுவது பற்றிய வாக்குறுதி இடம்பெற்றது. சொஸ்மா, பொத்தா போன்றவற்றின் கொடுமையான விதிகளை நீக்குவோம் என்றும் அதில் சொல்லப்பட்டது. மே 9-ஆம் தேதி மக்கள் வாக்களித்து ஆட்சியை மாற்றினர்.

அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் சுபாங் ஜெயா, சீபீல்டு மகா மாரியம்மன் ஆலய வளாகத்தில் கலவரம் நடந்தது. அதைத் தொடர்ந்து, நிந்தனைச் சட்டம் உட்பட அதுவரை நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சட்டங்களின் மீதான தடையை அமைச்சரவை தளர்த்தியது. ஓராண்டு கழியும் முன்பே அந்த 12 பேரின் கைது நடந்தது. 2019 நவம்பர் 29-ஆம் தேதி, சாமிநாதனின் மனுவை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான் முகமட் கசாலி, ஜாமீனை மறுக்கும் பிரிவு 13 அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். ஜாமீன் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை. அதை நாடாளுமன்றம் பறிக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். ஆனால் அந்தப் பிரிவை நாடாளுமன்றத்தில் திருத்தி நீக்க எந்த மசோதாவும் அப்போது வரவில்லை. 2020 பிப்ரவரி இறுதியில் அந்த அரசும் கவிழ்ந்தது.

முடியாத காரியமா அது? இல்லை. 2018-இல் தேசிய முன்னணி கொண்டுவந்த பொய்ச்செய்தித் தடுப்புச் சட்டத்தை நீக்க, அதே நம்பிக்கைக் கூட்டணி அரசு முயன்றது. முதல் முறை மேலவை அதைத் தடுத்தது. 2019-இல் மீண்டும் மசோதாவைக் கொண்டுவந்து அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். மனம் இருந்தபோது வழியும் இருந்தது.

84-க்கு 86: ஒரு நாள் நடந்த அதிசயம்

சொஸ்மாவின் 28 நாள் காவல் அதிகாரத்துக்கு ஒரு காலக்கெடு உண்டு. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அது நாடாளுமன்றத்தில் மறு ஆய்வு செய்யப்பட வேண்டும். இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றி நீட்டித்தால் மட்டுமே தொடரும். 2017-இல் அது நீட்டிக்கப்பட்டது. அடுத்த முறை 2022.

2022 மார்ச் 23-ஆம் தேதி, அன்றைய உள்துறை அமைச்சர் டத்தோஸ்ரீ ஹம்சா சைனுடின் நீட்டிப்புத் தீர்மானத்தை மக்களவையில் கொண்டுவந்தார். வாக்கெடுப்பில் ஆதரவு 84, எதிர்ப்பு 86. தீர்மானம் தோற்றது. நம்பிக்கைக் கூட்டணி உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்தனர். அரசு கொண்டுவந்த தீர்மானம் மலேசிய நாடாளுமன்றத்தில் தோற்பது மிக அரிது. கூட்டிப் பார்த்தால் அன்று வாக்களித்தவர்கள் 170 பேர் மட்டுமே. சுமார் 50 பேர் அவையில் இல்லை. மனிதனின் சுதந்திரத்தைப் பற்றிய வாக்கெடுப்பில் கால் பங்கு இடங்கள் காலியாக இருந்தன.

நான்கு மாதம் கழித்து, ஜூலை 26-ஆம் தேதி, அதே தீர்மானம் மீண்டும் வந்தது. இம்முறை 111-க்கு 88 என்ற கணக்கில் வென்றது. 28 நாள் காவல் 2022 ஜூலை 31 முதல் மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.

அந்த ஆண்டு நவம்பரில் பொதுத் தேர்தல். 2022 நவம்பர் 24-ஆம் தேதி டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் பிரதமரானார். அவரே 1974-இல் இசாவின் கீழ் கைதாகி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கமுந்திங்கில் இருந்தவர். 1998-லும் முதலில் இசாவின் கீழ்தான் கைதானார். சில மாதங்களுக்கு முன் சொஸ்மா நீட்டிப்பை எதிர்த்து வாக்களித்தவர்கள் இப்போது அமைச்சர்கள். ஆனால் புதிய அரசு அமைந்த சில வாரங்களிலேயே, சொஸ்மா போன்ற சட்டங்களை இப்போதைக்கு மறு ஆய்வு செய்யும் எண்ணமில்லை என்று உள்துறை அமைச்சர் டத்தோஸ்ரீ சைபுடின் நசுத்தியோன் கூறினார். எதிர்ப்பு கிளம்பியது. அதன் பிறகு ஆய்வு செய்வோம், திருத்துவோம் என்ற பேச்சுகள் வந்தன. 2024-இல் சுங்கை பூலோ சிறைச்சாலை முன்பு, சொஸ்மாவின் கீழ் அடைக்கப்பட்டவர்களின் குடும்பத்தார் உண்ணாவிரதம் இருந்தனர். அவர்களில் பலர் நம் தாய்மார்கள்.

அரசின் வாதத்தில் நியாயம் இல்லையா?

இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. 2013-இல் சபா, லஹாட் டத்துவில் ஆயுதம் ஏந்திய சுலு கும்பல் ஊடுருவியது. 2016 ஜூன் 28-ஆம் தேதி பூச்சோங்கில் ஓர் உணவகத்தின் மீது கையெறி குண்டு வீசப்பட்டு எட்டுப் பேர் காயமடைந்தனர். இத்தகைய வழக்குகளில் விசாரணைக்குக் கூடுதல் காலமும் சாட்சிகளுக்குப் பாதுகாப்பும் தேவை என்று போலீசார் சொல்வதைத் தள்ளிவிட முடியாது.

கும்பல் வன்முறையும் நமக்குத் தெரியாததல்ல. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் குழுக்களின் பெயரை வெளியிட்டபோது, அவற்றில் சில எண்கள் நம் தாமான்களின் சுவர்களிலேயே எழுதப்பட்டிருந்தன. சவ ஊர்வலத்தில் கொடி பிடித்த பிள்ளைகளையும், பாராங் வெட்டில் விழுந்த பிள்ளைகளையும் நாம் பார்த்திருக்கிறோம். கும்பல் தலைவனுக்குச் சுலபமாக ஜாமீன் கிடைத்தால் சாட்சி சொல்ல யார் வருவார் என்று கேட்கும் பெற்றோரும் நம்மிடையே உண்டு.

ஆனால் கேள்வி அதுவல்ல. ஆபத்தானவருக்கு ஜாமீன் மறுக்க நீதிபதிக்கு எப்போதும் அதிகாரம் உண்டு. சொஸ்மா செய்வது, ஆபத்தானவர் யார், அகப்பட்டவர் யார் என்று பிரித்துப் பார்க்கும் வேலையையே நீதிபதியிடமிருந்து எடுத்துவிடுவது. கும்பல் தலைவனும், அவனோடு ஒரு படம் எடுத்துக்கொண்ட பையனும் ஒரே சிறையில், ஒரே காலத்துக்கு.

பாதி உண்மை

இக்கட்டுரையில் ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் சொஸ்மாவை மறு ஆய்வு செய்கிறது என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. காலக்கெடு இருப்பது பிரிவு 4-இன் உட்பிரிவு 5-க்கு மட்டுமே, அதாவது 28 நாள் போலீஸ் காவலுக்கு மட்டுமே. ஜாமீனை மறுக்கும் பிரிவு 13-க்குக் காலக்கெடு இல்லை. மறைமுகச் சாட்சியத்துக்கான பிரிவு 14-க்கும் இல்லை. விடுதலையான பிறகும் உள்ளே வைத்திருக்கும் பிரிவு 30-க்கும் இல்லை.

ஆகவே 2022 மார்ச்சில் கிடைத்த 84-க்கு 86 வெற்றி நிலைத்திருந்தாலும்கூட, சிறையில் ஜாமீன் இல்லாமல் இருந்த ஒருவர்கூட அதனால் வெளியே வந்திருக்க மாட்டார். ஆண்டுக்கணக்கில் பிள்ளையைப் பார்க்கச் சிறைக்கு நடக்கும் தாயின் துயரம் 28 நாள் காவலால் வந்ததல்ல. பிரிவு 13-ஆல் வந்தது. அதை மாற்ற ஐந்தாண்டுத் தீர்மானம் போதாது. தனியாக ஒரு திருத்த மசோதா வேண்டும்.

ஒரு கட்சி நீட்டிப்பை எதிர்த்து வாக்களித்தோம் என்று மேடையில் பெருமை பேசினால், அது உண்மையாக இருக்கலாம். ஆனால் பிரிவு 13-ஐ நீக்க என்ன செய்தீர்கள் என்பதற்கு அது பதிலாகாது.

மக்களின் கோபமும் இங்கேதான். பாதுகாப்புச் சட்டமே வேண்டாம் என்று பெரும்பாலோர் சொல்லவில்லை. கம்யூனிஸ்டுகளுக்கு என்றார்கள், அரசியல்வாதிகளுக்குப் போட்டார்கள். அரசியலுக்கு அல்ல என்று எழுதி வைத்தார்கள், பேரணித் தலைவியைப் பிடித்தார்கள். எதிர்க்கட்சியில் இருந்தபோது கொடுமை என்றார்கள், ஆளுங்கட்சியானதும் அவசியம் என்றார்கள். மனத்தை மாற்றிக்கொள்வது தவறல்ல. ஏன் மாற்றிக்கொண்டோம் என்று மக்களிடம் விளக்காமல் இருப்பதுதான் தவறு. எத்தனை பேர் உள்ளே, எத்தனை காலமாக, எத்தனை பேர் கடைசியில் குற்றவாளி என்று நிரூபிக்கப்பட்டார்கள் என்ற கணக்கை ஒழுங்காக வெளியிட்டு வந்தாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

வீட்டில் ஒருவர் கைதானால்

அதிகாலையில் கதவு தட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பதற்றத்தில் எதுவும் ஓடாது. இவற்றை மட்டும் மறக்க வேண்டாம்:

எந்தச் சட்டத்தின் கீழ் கைது என்று கேளுங்கள். சொஸ்மாவா, பொக்காவா, சாதாரணத் தண்டனைச் சட்டமா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்து எல்லாமே.

கைதான நேரம், தேதி, அழைத்துச் செல்லப்படும் போலீஸ் நிலையம், அதிகாரியின் பெயர், பதவி ஆகியவற்றை எழுதி வையுங்கள். 24 மணி நேரம், 48 மணி நேரம், 28 நாள் என்ற கணக்குகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

உடனே வழக்கறிஞரை நாடுங்கள். வசதி இல்லாதவர்கள் மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகி விவரம் கேட்கலாம். வெளியில் எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்கும் தரகர்களை நம்ப வேண்டாம். சொஸ்மாவில் அப்படி ஒரு குறுக்கு வழி இல்லை.

கைதானவருக்கு நோய் இருந்தால் கிளினிக், மருத்துவமனைச் சீட்டுகளைத் திரட்டி வழக்கறிஞரிடம் கொடுங்கள். வயது 18-க்குக் குறைவு என்றால் பிறப்புப் பத்திரத்தைக் கொடுங்கள். பிரிவு 13-இன் விலக்குக்கு இவை தேவைப்படலாம்.

காவலில் அடி, உதை என்று தெரிந்தால் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்யுங்கள். மனித உரிமை ஆணையமான சுஹாகாம் அத்தகைய புகார்களைப் பெற்றுக்கொள்கிறது. 2023 ஜூலையில் செயல்படத் தொடங்கிய சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையத்திடமும் புகார் கொடுக்கலாம். புகாரின் நகல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.

2027 ஜூலை 31

2022-இல் கொடுக்கப்பட்ட ஐந்தாண்டு நீட்டிப்பு 2027 ஜூலை 31-ஆம் தேதியைத் தாண்டித் தொடர வேண்டுமானால், இரு அவைகளும் மீண்டும் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். 2022 டிசம்பர் 19-ஆம் தேதி முதன்முதலாகக் கூடிய இந்த நாடாளுமன்றத்தின் ஐந்தாண்டு ஆயுளும் 2027 டிசம்பரில் முடிகிறது. இடையில் கலைக்கப்படாவிட்டால், சொஸ்மா வாக்கெடுப்பும் அடுத்த பொதுத் தேர்தலும் சில மாத இடைவெளியில் வரும். வாக்காளரின் குரலுக்கு மதிப்பு கூடும் காலம் அது.

நாடாளுமன்றத்தில் யார் என்ன பேசினார், பெயர் எண்ணும் வாக்கெடுப்பில் யார் எந்தப் பக்கம் நின்றார் என்பது ஹன்சார்ட் எனும் அவைக் குறிப்பில் பதிவாகிறது. நாடாளுமன்றத்தின் இணையத்தளத்தில் அதை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். 2022 மார்ச் 23, ஜூலை 26 ஆகிய இரு நாள் குறிப்புகளையும் எடுத்து, உங்கள் தொகுதி உறுப்பினரின் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று பாருங்கள். மலாய் படிக்கத் தெரிந்த ஒரு பள்ளிப் பிள்ளை வீட்டில் இருந்தால் போதும்.

பிறகு, ஆலயத் திருவிழாவிலோ தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சியிலோ அவர் மாலை வாங்கிக்கொள்ள வரும்போது, மரியாதையாக மூன்று கேள்விகள் கேளுங்கள். 2022-இல் எப்படி வாக்களித்தீர்கள்? 2027-இல் எப்படி வாக்களிப்பீர்கள்? ஜாமீனை மறுக்கும் பிரிவு 13-ஐத் திருத்தும் மசோதாவை ஆதரிப்பீர்களா?

மூன்றாவது கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்ற பதில் வரும் வரை விட வேண்டாம். ஆய்வு செய்கிறோம் என்ற பதிலை நாம் ஏற்கெனவே கேட்டுவிட்டோம்.